டிஷ்வாஷரில் தண்ணீர் வடியவில்லையா? தொட்டியிலிருந்து சுவர் வரை ஒவ்வொன்றாகப் பார்க்கும் முறை

கழுவி முடித்ததாக மெஷின் சத்தம் கொடுத்த பிறகு கதவைத் திறந்தால், அடியில் கலங்கலாகத் தண்ணீர் நிற்கிறது. மேலே எண்ணெய்ப் படலம், அதில் இரண்டு கறிவேப்பிலைக் காம்பு. பார்த்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது "மோட்டார் போச்சு" என்பதுதான். பெரும்பாலும் மோட்டார் போயிருக்காது. எங்கேயோ ஏதோ அடைத்திருக்கும், அது எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு ஸ்பூன், டார்ச், வாளி, பழைய டூத் பிரஷ், ரப்பர் கையுறை இவ்வளவு போதும். சர்வீஸுக்குப் போன் போட்டு இரண்டு மூன்று நாள் காத்திருப்பதற்கு முன்னால் இதையெல்லாம் நீங்களே பார்த்துவிடலாம், தயவுசெய்து பாருங்கள்.

முதலில் தண்ணீர் போகும் வழி மனதில் இருக்க வேண்டும். தொட்டியின் அடியில் ஃபில்டர், அதற்குக் கீழே ஒரு குழி, குழியின் பக்கத்தில் ட்ரெயின் பம்ப், வெளியே போன தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழி வால்வு, அப்புறம் நெளிநெளியான ட்ரெயின் ஹோஸ், கடைசியில் உங்கள் வீட்டு வேஸ்ட் பைப். இவ்வளவுதான். இந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போனால் எதையும் தவறவிட மாட்டீர்கள். நடுவில் எங்காவது ஒன்றை மட்டும் கழற்றிப் பார்த்துவிட்டு "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுவதால்தான் நல்ல பம்பை மாற்றிவிட்டு மறுபடியும் தண்ணீர் நிற்பதைப் பார்க்க வேண்டி வருகிறது.

உண்மையிலேயே பழுதா?

ஃபில்டரைக் கழற்றினால் கீழே குழியில் ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீர் எப்போதும் இருக்கும். அது பழுது இல்லை, அப்படி இருப்பதுதான் இயல்பு. ஃபில்டருக்கு மேலே, தொட்டியின் தரை மூழ்கும் அளவுக்கு நின்றால்தான் பிரச்சினை.

இன்னொன்று, கரன்ட் கட். ஹீட்டர் ஏறக்குறைய 2000 வாட் இழுக்கும் என்பதால் பல வீடுகளில் டிஷ்வாஷரை இன்வெர்ட்டர் லைனில் கொடுப்பதில்லை. நடுவில் கரன்ட் போனால் தண்ணீர் அப்படியே நின்றுவிடும், திரும்ப வந்ததும் பெரும்பாலான மெஷின்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் அதற்குள் யாராவது சுவிட்சை அணைத்துவிட்டாலோ, கதவைத் திறந்து சரியாக மூடாமல் விட்டாலோ தண்ணீர் நிற்கத்தான் செய்யும். வீட்டில் எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் மெஷினை ரீசெட் செய்யுங்கள். போஷ், சீமென்ஸ் மெஷின்களில் ஸ்டார்ட் பட்டனை மூன்று நொடிபோல அழுத்திப் பிடித்தால் ஓடிக்கொண்டிருந்த ப்ரோகிராம் ரத்தாகும், ஒரு நிமிடத்தில் தண்ணீரை வெளியேற்றிவிட்டு நிற்கும். மற்ற கம்பெனி மெஷின்களில் எந்த பட்டன் என்பது மேனுவலில் இருக்கும். திரையில் ஏதாவது கோட் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். போஷில் ஈ24 வந்தால் ட்ரெயின் ஹோஸ் மடங்கியிருக்கிறது அல்லது அடைத்திருக்கிறது என்று அர்த்தம், ஈ25 வந்தால் பம்ப் அடைத்திருக்கிறது அல்லது பம்பின் மூடி சரியாக உட்காரவில்லை. எல்ஜியில் ஓஈ, சாம்சங்கில் 5சி அல்லது 5ஈ, இவையும் தண்ணீர் வடியவில்லை என்பதற்கான கோட்கள்தான்.

காதைக் கொடுத்துக் கேளுங்கள்

ரீசெட் ஆகும் அந்த ஒரு நிமிடம் ரொம்ப முக்கியம். மிக்ஸி, ஃபேன் எல்லாம் அணைத்துவிட்டு மெஷினின் கீழ்ப்பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு நிமிடம் எரர் கோடை விட அதிகம் சொல்லும்.

பம்ப் சீராக ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனால் தண்ணீர் குறையவில்லை என்றால் பம்ப் உயிரோடு இருக்கிறது, அடைப்பு அதற்குப் பிறகுள்ள வழியில் இருக்க வாய்ப்பு அதிகம். "ம்ம்ம்" என்று உறுமல் மட்டும் வந்து தண்ணீர் அசையவே இல்லை என்றால் பம்பின் இம்பெல்லரில், அதாவது உள்ளே சுற்றும் சின்னப் பங்காவில், ஏதோ சிக்கியிருக்கிறது. சத்தமே இல்லை என்றால் பம்புக்குக் கரன்ட் போகவில்லை அல்லது பம்ப் மோட்டாரின் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) போய்விட்டது.

நான்காவதாக ஒன்று உண்டு. தொட்டி காலியாக இருந்தும் பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பது. இது வடிகால் பழுது இல்லை. மெஷினின் அடித்தட்டில் தண்ணீர் கசிந்து, அங்குள்ள மிதவை மேலே எழும்பிப் பாதுகாப்பு சுவிட்சைப் போட்டுவிட்டது என்று அர்த்தம் (போஷில் இதற்கு ஈ15 வரும்). தண்ணீர்க் குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள். மெஷினைச் சாய்த்து அடித்தட்டுத் தண்ணீரைக் கொட்டினால் கோட் போய்விடும் என்று பலர் சொல்வார்கள். போகும்தான், ஆனால் கசிவு அப்படியே இருப்பதால் மறுபடியும் வரும்.

தண்ணீரை அள்ளுவது

இனிமேல் எல்லா வேலையும் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான். சுவிட்சை அணைத்தது போதாது. தண்ணீர் 70 டிகிரி வரை சூடாக இருக்கலாம், அரை மணி நேரம் ஆற விடுங்கள். கையுறை கட்டாயம். டிஷ்வாஷர் சோப்பு சாதாரண பாத்திர சோப்பைப் போல இல்லை, காரம் அதிகம், தோலை அரிக்கும், கண்ணில் படவே கூடாது. உள்ளே உடைந்த கண்ணாடித் துண்டு கிடந்தாலும் கலங்கல் தண்ணீரில் தெரியாது.

கீழ்த் தட்டை வெளியே எடுத்துவிட்டு, ஒரு தட்டையான கிண்ணத்தால் அள்ளி, மீதியைப் பழைய வேட்டித் துணியாலோ ஸ்பாஞ்சாலோ ஒற்றி எடுங்கள். அள்ளிய தண்ணீரை உடனே கொட்டாமல் ஒரு வடிகட்டி வழியாக ஊற்றிப் பாருங்கள். அதில் கண்ணாடித் துணுக்கோ எலுமிச்சை விதையோ பல்குத்தும் குச்சியோ கிடைத்தால் பம்பில் என்ன சிக்கியிருக்கும் என்பதற்கு அதுவே துப்பு.

ஃபில்டர்

நடுவில் உருளையாக இருப்பதை இடப்பக்கம் திருகினால், அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில், கழன்று வரும். அதோடு ஒரு தட்டையான சல்லடையும் வரும். உருளையையும் பெரும்பாலும் இரண்டாகப் பிரிக்கலாம்.

நம் சமையலில் இதில் சேர்வது என்னவென்று பார்த்தால் சோற்றுப் பருக்கை, கடுகு, துவரம்பருப்புத் தோல், தேங்காய்ப்பூ, புளி நார், கறிவேப்பிலை நரம்பு. இவை கண்ணுக்குத் தெரியும், எடுத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாதது இரண்டு. ஒன்று இட்லி மாவு, அது காய்ந்தால் பசைபோல் சல்லடைக் கண்களை மூடிவிடும். இன்னொன்று எண்ணெய், நெய். ஃபில்டர் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் குழாயடியில் பிடித்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே வழிந்து போகும். இப்படி இருந்தால் சூடான தண்ணீரில் கொஞ்சம் பாத்திர லிக்விட் போட்டுக் கால் மணி நேரம் ஊறவைத்து, டூத் பிரஷால் தேய்த்து, லிக்விட் துளியும் இல்லாமல் அலசிவிடுங்கள். ஸ்டீல் ஸ்க்ரப்பர், கம்பி பிரஷ் வேண்டாம். சல்லடை ஓட்டையாகிவிட்டால் அழுக்கு நேராகப் பம்புக்குப் போகும்.

புது எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், ஊறுகாய் பாட்டிலின் லேபிள், இவையும் சூட்டில் பிய்ந்து வந்து ஃபில்டரைப் போர்த்திக்கொள்ளும். பாட்டிலைக் கழுவி எடுத்துவைக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் இதை முதலில் சந்தேகப்படலாம்.

திரும்ப மாட்டும்போது வலப்பக்கம் திருகி, நன்றாகப் பூட்டிக்கொண்டதா என்று ஆட்டிப் பாருங்கள். ஃபில்டர் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றாலும் அந்த இடுக்கு வழியாக எல்லாம் கீழே இறங்கிவிடும்.

பம்ப்

ஃபில்டரை எடுத்த நிலையிலேயே குழியின் மிச்சத் தண்ணீரையும் ஒற்றி எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். போஷ் வகை மெஷின்களில் குழிக்குள் ஒரு பக்கம் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், ஸ்பூனின் காம்பால் நெம்பினால் கழன்று வரும். உள்ளே இம்பெல்லர் தெரியும். சில மெஷின்களில் இந்த வசதி கிடையாது, பம்பைப் பார்க்க அடிப்பலகையைக் கழற்ற வேண்டும் அல்லது மெஷினைச் சாய்க்க வேண்டும். அந்த வகை என்றால், வேலை பழக்கமில்லாதவர்கள் இந்தக் கட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

இம்பெல்லரை ஒரு மரக்குச்சியால் சுற்றிப் பாருங்கள். வழுவழுவென்று சுற்றாமல் கொஞ்சம் தடுத்து, விட்டு, மறுபடி தடுத்து என்று விட்டுவிட்டுத்தான் சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி. இதைப் பார்த்துவிட்டு "ஜாம் ஆகியிருக்கு" என்று பம்பையே மாற்றிவிடுபவர்கள் உண்டு, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். கவலைப்பட வேண்டியது சுற்றவே மறுத்தால், அல்லது எந்தத் தடுப்பும் இல்லாமல் சும்மா சுழன்றால், அல்லது பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடினால்.

சிக்குகிற பொருட்கள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். கண்ணாடித் துணுக்கு, விதை, குச்சி, மீன் முள், நூல், ஸ்டீல் ஸ்க்ரப்பரிலிருந்து பிய்ந்து வந்த கம்பி இழை. இந்தக் கம்பி இழை தண்டைச் சுற்றி இறுகிக்கொள்ளும், சின்னக் குறடால் மெதுவாக எடுக்க வேண்டும். கண்ணாடி இருக்கலாம் என்பதால் வெறும் விரலை உள்ளே விடாதீர்கள்.

மூடியைத் திரும்பப் போடும்போது "க்ளிக்" கேட்க வேண்டும். அது சரியாக உட்காராவிட்டால் பம்ப் தண்ணீரை இழுக்காது, எல்லாவற்றையும் சுத்தம் செய்த பிறகும் அதே ஈ25 வரும்.

வாளிச் சோதனை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பழுது மெஷினிலா, வீட்டுப் பைப்பிலா என்பதை இது பிரித்துக் காட்டிவிடும். மெஷின்காரரும் பிளம்பரும் மாறி மாறி ஒருவரையொருவர் காட்டும் நிலை வராது.

ட்ரெயின் ஹோஸின் வெளி முனையை சிங்க் அடியிலிருந்தோ யூட்டிலிட்டிச் சுவரிலிருந்தோ கழற்றுங்கள். கிளாம்பைத் தளர்த்தியதும் கொஞ்சம் அழுக்குத் தண்ணீர் கொட்டும், கீழே துணி போட்டு வையுங்கள். ஒரு ஸ்டூலின் மேல் வாளியை வைத்து, ஹோஸ் முனையை வாளி வாய்க்குள் விட்டுக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். வாளியைத் தரையில் வைக்கக் கூடாது. முனை தாழ்ந்திருந்தால் பம்ப் உதவி இல்லாமலே தண்ணீர் இறங்கிவிட வாய்ப்பு உண்டு, அப்புறம் பம்ப் நன்றாக இருக்கிறது என்று தப்பாக நினைத்துக்கொள்வோம். தரையிலிருந்து இரண்டு அடி உயரமாவது இருக்கட்டும். இப்போது தொட்டிக்குள் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் ஊற்றி, கதவை மூடி, பிளக்கைப் போட்டு, மறுபடி ரீசெட் செய்யுங்கள்.

தண்ணீர் வேகமாகப் பீறிட்டு வாளியில் விழுந்தால் உங்கள் மெஷினில் ஒரு குறையும் இல்லை. அடைப்பு சுவர்ப் பக்கம். சொட்டுச் சொட்டாகவோ மெல்லிய இழையாகவோ வந்தால் ஹோஸிலோ பம்பிலோ அடைப்பு.

ஹோஸ்

மெஷினைத் துடைக்க இழுத்துவிட்டுத் திரும்பத் தள்ளும்போது, பின்னால் ஹோஸ் மடங்கி நசுங்கியிருக்கும். இதைப் பார்க்க இரண்டு பேர் சேர்ந்து மெஷினை மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். மடிப்பை நிமிர்த்திவிட்டாலே பாதிக் கேஸ்கள் சரியாகிவிடும் போலிருக்கும், ஆனாலும் மடிப்பில் வெள்ளைத் தழும்போ வெடிப்போ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஹோஸை மாற்றத்தான் வேண்டும்.

உள்ளே அடைத்திருந்தால் கழற்ற முடிந்த ஹோஸைக் குளியலறைக்குக் கொண்டுபோய்ச் சூடான தண்ணீரை வேகமாக விட்டு அலசுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். கம்பியை உள்ளே விட்டுக் குத்தாதீர்கள், நெளிவுகளின் சுவர் மெல்லியது, பொத்தல் விழுந்தால் அலமாரிக்குப் பின்னால் மாதக் கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். தேங்காய் எண்ணெயில் சமைக்கும் வீடுகளுக்கு ஒரு விஷயம். அந்த எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பித்துவிடும். ஊட்டி, கொடைக்கானல், மார்கழி மாத பெங்களூரு போன்ற இடங்களில், கழுவும்போது உருகி ஓடிய எண்ணெய் ஹோஸில் ஆறி வெள்ளையாகப் படிந்துவிடும். அங்கெல்லாம் எக்கோ ப்ரோகிராமை மட்டுமே நம்பாமல், எண்ணெய்ப் பாத்திரங்களுக்கு 70 டிகிரி ப்ரோகிராம் போடுவது நல்லது.

உயரமும் நீளமும் கூட முக்கியம். ஹோஸ் முனையை ஒரு மீட்டருக்கு மேல் உயரத்தில் கொடுத்தால் பம்ப் திணறும். பால்கனி வரை கொண்டுபோக வேண்டும் என்று இரண்டு ஹோஸ்களை ஒட்டுப்போட்டு நீட்டுவதும் அப்படித்தான், ஒட்டுப்போட்ட இடத்தில் அழுக்குச் சேரும். எதிர்த் தவறு, ஹோஸை அப்படியே தரையில் போட்டுவிடுவது. அப்படிப் போட்டால் தண்ணீர் ஏற ஏற வெளியே ஓடிக்கொண்டே இருக்கும், பாத்திரம் கழுவவே தண்ணீர் நிற்காது.

சுவர்ப் பக்கம்

சிங்க் அடியில் பாட்டில் ட்ராப்பில், அதாவது நாற்றம் மேலே வராமல் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைக்கும் குப்பி போன்ற பாகத்தில், ஹோஸைச் செருகும் இடம் இருக்கும். புதிதாக மாட்டிய மெஷின் முதல் நாளிலிருந்தே வடியவில்லை என்றால் அந்தச் செருகுமுனையின் உள்ளே பாருங்கள், சில ட்ராப்களில் அது மூடியே வரும், அறுத்தோ துளைத்தோ திறந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இதே சிக்கல் சிங்க்கின் கார்பேஜ் டிஸ்போசரில், அதாவது உணவு மிச்சத்தை அரைத்துத் தள்ளும் கருவியில், வரும். அதிலுள்ள அடைப்பைத் தட்டி எடுக்காமல் ஹோஸை மாட்டிவிடுவார்கள். அங்கே சிங்க் ஓரத்தில் ஏர் கேப் என்ற குமிழ் இருந்தால் அதன் மூடியைத் திறந்தும் சுத்தம் செய்யுங்கள், அதிலிருந்து தண்ணீர் வழிந்தால் அடைப்பு அதற்குப் பின்னால் இருக்கும் குழாயில்.

யூட்டிலிட்டியில் தரையோடு இருக்கும் ட்ராப்பில் ஹோஸைச் செருகியிருந்தால், முனை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பாருங்கள். அடியிலுள்ள சேற்றில் குத்தி நின்றால் அடைக்காமல் என்ன செய்யும். ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் மேலே இழுத்துக் கட்டிவிடுங்கள். வாஷிங் மெஷின், ஆர்ஓ வேஸ்ட், டிஷ்வாஷர் மூன்றும் ஒரே மெல்லிய பைப்பில் சேர்ந்திருந்தால், இரண்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் தண்ணீர் விடும்போது மட்டும் தேங்கும். அப்படியா என்று தனித்தனியாக ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சிலருக்கு வேறு மாதிரி. ராத்திரி காலியாக இருந்த மெஷினில் காலையில் அழுக்குத் தண்ணீர் நிற்கும். அது மெஷின் வடிக்காத தண்ணீர் இல்லை, சிங்க்கிலிருந்து திரும்பி வந்தது. மெஷினை அணைத்து வைத்துவிட்டு சிங்க்கில் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள், தொட்டியில் ஏறினால் உறுதி. சிங்க் பைப்பில் அடைப்பு, கூடவே ஒருவழி வால்வும் சரியாக மூடவில்லை. சிங்க் அடைப்பை எடுத்துவிட்டு, ஹோஸை சிங்க்கின் அடிவிளிம்பு வரை உயர்த்தி வளைத்துக் கட்டிவிட்டுத்தான் கீழே இறக்க வேண்டும்.

அடைப்பு எடுக்கிறேன் என்று ஆசிட்டோ காஸ்டிக் பொடியோ டிஷ்வாஷருக்குள் ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் சீல்கள் போய்விடும், அடுத்து கையை விடுபவருக்கும் ஆபத்து. ப்ளீச்சையும் வினிகரையும் ஒன்றாக ஊற்றுவதும் கூடாது, விஷவாயு வரும்.

நுரை

டிஷ்வாஷர் சோப்பு தீர்ந்துபோனதென்று கையால் தேய்க்கும் லிக்விடை ஊற்றியிருந்தால், தொட்டி முழுக்க நுரை. பம்ப் தண்ணீருக்குப் பதில் நுரையையும் காற்றையும் இழுத்துத் திணறும். வேறு பழுது எதுவும் இருக்காது. கதவைத் திறந்து நுரை அமரும் வரை விட்டு, அள்ளிக் கொட்டி, சோப்பே போடாமல் நுரை தீரும் வரை வெறும் தண்ணீரில் ஓட்டுங்கள்.

இதற்கும் அசையவில்லை என்றால்

வழி முழுக்கச் சுத்தம், இம்பெல்லரும் சுற்றுகிறது, ஆனால் சத்தமே இல்லை என்றால் மின்சாரப் பக்கம் போக வேண்டியதுதான். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பம்பின் இரண்டு முனைகளில் ரெசிஸ்டன்ஸ் பார்க்கலாம். 230 வோல்ட்டில் ஓடும் சாதாரண ட்ரெயின் பம்பில் நூறு, இருநூறு ஓம் என்ற அளவில் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் கம்பிச்சுருள் அறுந்துவிட்டது, பம்ப் மாற்ற வேண்டும். சில புது மெஷின்களில் டிசி பம்ப் வருகிறது, அதற்கு இந்த அளவு பொருந்தாது.

சர்வீஸ்காரர் வந்ததும் வாளிச் சோதனையில் என்ன பார்த்தீர்கள், என்ன சத்தம் கேட்டது என்று சொல்லுங்கள். பம்பை மாற்றணும் என்றால் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை, பழைய பம்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது என்று யாராவது வந்ததும் வராததுமாகச் சொன்னால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம். அது விலை அதிகமான பாகம், மற்ற எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் அதைச் சந்தேகப்பட வேண்டும்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு, பாத்திரம் இல்லாமல், மேனுவலில் உள்ள சின்ன ரின்ஸ் ப்ரோகிராம் ஒன்றை ஓட்டுங்கள். ஹோஸ் மாட்டிய இடத்தின் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள், ஒரு சொட்டு கசிந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த நாள் வரை அதை எடுக்காதீர்கள்.

இனிமேல் பாத்திரத்தைக் கழுவிவிட்டுப் போட வேண்டும் என்பதில்லை, மிச்சத்தை வழித்துப் போட்டால் போதும். மாவுப் பாத்திரத்தை மட்டும் காய்வதற்குள் ஒருமுறை அலசிவிடுங்கள். நாம் சமைக்கிற சமையலுக்கு ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும், சனிக்கிழமை எண்ணெய்ப் பலகாரம் செய்த வீடு என்றால் ஞாயிற்றுக்கிழமையே.